எம்.எல்.பி.ஏ.வில் ஒன்றும் இல்லை, ஆனால் சி.கே. 16,800: அடுத்து எந்த டெஸ்ட்? ஆய்வுப் பதிவுக்கு என்னென்ன எடுத்து வைக்கணும்?

உசிலை_பிசியோ:

வணக்கம். உசிலம்பட்டி வட்டாரத்தில் சிறப்புக் குழந்தைகள் மையத்தில் இயன்முறை சிகிச்சை பார்க்கிறேன். ஆறு வயசுப் பையன் ஒருத்தன் வருகிறான். நடக்கிறான், ஓடச் சொன்னால் வேக நடைதான் வருது. படியேறக் கைப்பிடி வேணும். தரையிலிருந்து எழும்போது குப்புறத் திரும்பி, முழங்கால், தொடை என்று கையை ஊன்றி ஊன்றித்தான் நிமிர்கிறான். கெண்டைக்கால் இரண்டும் தடித்து இறுகிக் கிடக்கு.

எஸ்.ஜி.பி.டி. 300-க்கு மேல் வந்ததால் கல்லீரல் கோளாறு என்று நினைத்து, கீழாநெல்லி வரைக்கும் கொடுத்துப் பார்த்திருக்காங்க. அப்புறம் தசை பழுதானால் ரத்தத்தில் ஏறும் நொதியான சி.கே. பார்த்ததில் 16,800. டி.எம்.டி. (டுஷேன் தசைச்சிதைவு) சந்தேகத்தில், ஜீனின் எக்ஸான் என்ற துண்டுகளை எண்ணும் எம்.எல்.பி.ஏ. சோதனை எடுத்தாச்சு, "79 எக்ஸான்களிலும் நீக்கமோ இரட்டிப்போ காணப்படவில்லை" என்று வந்திருக்கு. ஜீன் டெஸ்ட் நார்மல், அப்ப அந்த வியாதி இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிட்டாங்க. அம்மா கட்டியிருப்பது சொந்தத் தாய்மாமனை. பையனுக்கு மூணு வயசில் ஒரு தங்கச்சி உண்டு.

மூணு விஷயம் கேட்கணும். அடுத்து எந்த டெஸ்ட், எந்த வரிசையில்? ரத்தம் இங்கே எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பும்போது எதில் கோட்டை விடுவோம்? ஏதாவது ஆய்விலோ பதிவேட்டிலோ பையனைச் சேர்க்க வாய்ப்பு வந்தால், எங்கள் மையத்திலேயே இப்போதிருந்து என்ன அளவெடுத்து வைக்கலாம்?


மரபணு_மேசை:

அந்த அறிக்கையின் கடைசிப் பத்தியை வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள். புள்ளி மாற்றங்களை இந்த முறை கண்டறியாது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். எம்.எல்.பி.ஏ. செய்வது கண்டக்டர் பஸ்ஸில் தலை எண்ணுகிற வேலை. 79 பேரும் இருக்காங்களா, யாராவது கூடுதலா ஏறியிருக்காங்களா என்று சொல்லும். யார் கையில் தப்பான டிக்கெட் இருக்கு என்பது அதற்குத் தெரியாது. டி.எம்.டி. பையன்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு எக்ஸான் நீக்கம். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இரட்டிப்பு. மிச்சப் பேருக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது ஒன்றிரண்டு எழுத்து விட்டுப்போயிருக்கும். உங்கள் பையன் அந்த மிச்சத்தில் இருக்கலாம்.

வேறு நோயாகவும் இருக்கலாம். சொந்தக் கல்யாணத்தை வைத்து இங்கே வழக்கமாக ஒரு குழப்பம் வரும். டி.எம்.டி. ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். அப்பா மாமனாக இருந்தாலும் அசலாக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. ஆகவே தாய்மாமனைக் கட்டியதால் டி.எம்.டி. வந்தது என்று யாராவது சொன்னால் அது தப்பு. ஆனால் இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் லிம்ப்-கர்டில் தசைச்சிதைவு வகைகளில் பெரும்பாலானவை, அதாவது சார்கோகிளைகான் நாலு, எஃப்.கே.ஆர்.பி., கால்பெயின் முதலிய ஜீன்களின் பழுதால் வருபவை, இரண்டு பிரதியும் பழுதானால்தான் தோன்றும். மாமனைக் கட்டியவர் குழந்தைக்கு மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, இரண்டு பக்கமும் ஒரே மூதாதையின் அதே பிரதியாக வந்திருக்கும். அத்தை மகன், மாமன் மகள் கட்டிய வீட்டில் பதினாறில் ஒரு பங்கு. சார்கோகிளைகான் பழுதுள்ள பையனைப் பார்த்தால் டி.எம்.டி. என்றுதான் தோன்றும்: அதே கெண்டைக்கால், அதே எழும் விதம், அதே சி.கே.

இந்த வேறுபாடு தங்கச்சிக்கு முக்கியம். டி.எம்.டி. என்றால் அவள் கடத்தியாக, அதாவது பழுதான ஜீனைச் சுமப்பவளாக, இருக்க வாய்ப்புண்டு; நோயே வருவது அரிது. சார்கோகிளைகான் என்றால் அண்ணனுக்கு வந்த நோயே அவளுக்கும் வர நாலில் ஒரு வாய்ப்பு. டாக்டரிடம் சொல்லி அவளுக்கு ஒரு சி.கே. பாருங்கள், சில நூறு ரூபாய் வேலை. கூடுதலாக இருந்தாலே நோய் என்று முடிவு கட்ட வேண்டாம், டி.எம்.டி. கடத்திகள் சிலருக்கும் சி.கே. ஏறும்.

ஆகவே டி.எம்.டி. ஜீனை மட்டும் வரிசைப்படுத்துவதில் காசைச் செலவழிக்காமல், நரம்புத்தசை நோய்ப் பேனலோ (அந்த நோய்களின் ஜீன்களைச் சேர்த்துப் படிப்பது) எக்ஸோமோ (எல்லா ஜீன்களின் எக்ஸான்களையும் படிப்பது) எடுப்பது நல்லது. ஒரே ரத்தத்தில் இரண்டு கேள்விக்கும் விடை வரும். அதற்கு முன் குணப்படுத்தக்கூடியவற்றை ஒதுக்கிவிட வேண்டும்: தைராய்டுக்கு டி.எஸ்.எச். ஒன்று, கண் இமையில் ஊதா நிறம், விரல் முட்டிகளில் தடிப்பு உண்டா என்று ஒரு பார்வை, அது தோல்-தசை அழற்சியாக இருக்கலாம். எச்.எம்.ஜி.சி.ஆர். எதிர்பொருளால் வரும் தசையழற்சி குழந்தைகளில் லிம்ப்-கர்டில் போலவே நடிக்கும், அதற்கு மருந்து உண்டு. மரபணுவில் எதுவும் சிக்காத குழந்தைக்கு இந்த ரத்தப் பரிசோதனையை யாரும் மறக்கக் கூடாது. கூடவே ஜி.ஜி.டி. ஒன்று பார்த்தால் கல்லீரல் வாதம் முடிந்துவிடும். எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் தசையிலிருந்தும் கசியும், ஜி.ஜி.டி. கசியாது. ஜி.ஜி.டி. சரியாக இருந்து மற்ற இரண்டும் ஏறியிருந்தால் தசையைப் பாருங்கள்.

ரத்தம் எடுப்பது. ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாய், 3 மி.லி. பச்சை மூடி ஹெப்பரின் குழாயில் எடுத்தால் பி.சி.ஆர். தடைபடும்; லேப் திருப்பி அனுப்பும். எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். உறைந்த துணுக்கு விழுந்தால் டி.என்.ஏ. குறையும், எம்.எல்.பி.ஏ. மாதிரி அளவை ஒப்பிடும் சோதனைக்கு அதுதான் முதல் எதிரி. அனுப்பும்வரை குளிர்பெட்டியில், ஃப்ரீசரில் கூடாது. ஃப்ரீசரில் வைத்த முழு ரத்தம் உருகும்போது அணுக்கள் உடைந்து பாழாகும். ஐஸ் கட்டிக்கும் குழாய்க்கும் நடுவே துணியோ அட்டையோ இருக்கட்டும். பெயர், பிறந்த தேதி, எடுத்த நேரம் மூன்றும் குழாயின் மேலேயே; மூடியில் எழுதினால் மூடி மாறும். அம்மா, அப்பா இருவர் ரத்தமும் தனித்தனிக் குழாயில் அதே பெட்டியில் போகட்டும். பையனுக்குச் சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் படிவத்தில் எழுதுங்கள். சில வாரம் தள்ளச் சொல்வார்கள்.

சனிக்கிழமை மதியம் எடுக்காதீர்கள். ஞாயிறு முழுக்க மாட்டுத்தாவணிப் பக்கம் ஏதோ ஒரு குடோனில் பெட்டி வெந்துகொண்டிருக்கும். சித்திரைத் திருவிழா வாரமும் அப்படியே. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எந்தக் கூரியர் வண்டியும் ஊருக்குள் சுலபமாக நகராது. திங்கள் அல்லது செவ்வாய் காலை எடுத்து அன்றே அனுப்புவது உத்தமம்.

அறிக்கை வந்தபின் பார்க்க வேண்டியது. மாற்றத்தின் முழுக் குறியீடு, ஜீனின் எந்த வாசிப்பு வடிவத்தை (டிரான்ஸ்கிரிப்ட்) வைத்து எண்ணினார்கள் என்பது, வகைப்பாடு. "பொருள் தெளிவாகாத மாற்றம்" என்று வந்தால் அது ஆம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. பெற்றோரின் ரத்தமும் தசைத்துண்டும்தான் அதை ஒரு பக்கம் சாய்க்கும். அம்மாவின் ரத்தத்தில் மாற்றம் இல்லை என்று வந்தாலும் அடுத்த கர்ப்பத்துக்கு ஆபத்தே இல்லை என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. முட்டையணுக்களில் சிலவற்றில் மட்டும் பழுது இருக்க வாய்ப்புண்டு.

எக்ஸோமிலும் எதுவும் இல்லையென்றால் தசை பயாப்சி. எக்ஸான்களுக்கு நடுவே உள்ள இன்ட்ரானுக்குள் ஆழத்தில் இருக்கும் மாற்றங்கள் எக்ஸோமில் தெரியாது; தசையின் ஆர்.என்.ஏ.வைப் படித்தால் சிக்கும். எடுக்கும் இடம் பெரும்பாலும் தொடையின் வெளிப்புறத் தசை. தசையின் மின் செயல்பாட்டைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. ஊசி குத்திய தசையும், சுத்தமாகக் கரைந்துபோன தசையும் உதவாது. உப்புநீரில் லேசாக ஈரமாக்கிய துணியில் சுற்ற வேண்டும். உப்புநீரில் மிதக்க விட்டால் உறைய வைக்கும்போது பனிப்படிகம் உள்ளே வளர்ந்து இழையெல்லாம் ஓட்டை ஓட்டையாகும். திரவ நைட்ரஜனில் குளிர்வித்த ஐசோபென்டேனில் உறைய வைத்து, உலர்பனியில் அனுப்ப வேண்டும். மொத்தத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால், டி.எம்.டி. ஜீன் உருவாக்கும் தசைப் புரதமான டிஸ்ட்ரோஃபின் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்ப்பது வீண். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் எடுக்க அவசரப்படாதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. மாதிரித் தசை ஆய்வகம் உள்ள இடத்துக்குப் பையனே போவது மேல். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு டி.எம்.டி.க்கும், எஸ்.எம்.ஏ. என்ற முதுகுத்தண்டு நரம்பணு நோய்க்கும் மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் கொடுக்கும் கோவை எம்.டி.சி.ஆர்.சி.யையும் கேட்டுப் பார்க்கலாம்.

மயக்க மருந்து பற்றி ஒரு வரி. பயாப்சியோ, பல் பிடுங்குவதோ, எதுவானாலும் "தசைச்சிதைவு சந்தேகம், சக்சினைல்கோலின் கூடாது, மூச்சில் கொடுக்கும் மயக்க வாயு தவிர்க்கவும்" என்று கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதி வையுங்கள். பொட்டாசியம் திடீரென ஏறி இதயம் நின்றுபோகும்.


உசிலை_பிசியோ:

ரொம்ப நன்றிங்க. ஜி.ஜி.டி.யும் தங்கச்சியோட சி.கே.யும் இந்த வாரமே சொல்லிடறேன். இன்னொண்ணு: இதே மையத்துக்கு வர்ற வேறொரு பையனுக்கு 45-லிருந்து 47 வரை நீக்கம். மூணு எக்ஸான் போயிருக்கு. அவன் நல்லா ஓடறான். ஒரே ஒரு எக்ஸான், 50 மட்டும் போன பையன் ஒருத்தன் பத்து வயசிலேயே சக்கர நாற்காலி. இது எப்படி?


மரபணு_மேசை:

எத்தனை எக்ஸான் போனது என்பதை விட, போன எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபடுமா என்பதுதான் கேள்வி. புரதம் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது. எக்ஸான் 50-இல் 109 எழுத்து. அது போனால் மூன்றால் வகுபடாது. அதற்குப் பின் வரும் வாசிப்பு முழுக்கக் கலைந்து, சீக்கிரமே நிறுத்தக் குறி வந்து, புரதமே உருவாகாது. 45–47 போனால் எண்ணிக்கை மூன்றால் வகுபடும். நடுவில் கொஞ்சம் குறைந்த, ஆனால் வேலை செய்யும் டிஸ்ட்ரோஃபின் கிடைக்கும். அது பெக்கர் என்ற மிதமான வகை. விதிவிலக்கு உண்டு, ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

எக்ஸான் தாண்டும் மருந்துகளும் இதே கணக்கின் மேல் கட்டியவைதான். எக்ஸான் 51-இல் 233 எழுத்து. 50 போன பையனுக்கு 51-ஐயும் மறைத்துவிட்டால் 109-உம் 233-உம் சேர்ந்து 342; மூன்றால் வகுத்தால் 114, மிச்சம் இல்லை. எடெப்லிர்சென் 51-க்கு, அமெரிக்காவில் 2016. கோலோடிர்சென், வில்டோலார்சென் இரண்டும் 53-க்கு. காசிமெர்சென் 45-க்கு, 2021. இவற்றால் தசையில் வந்த டிஸ்ட்ரோஃபின் அளவு குறைவுதான், அனுமதியும் அந்த அளவை வைத்துத்தான் கொடுத்தார்கள். பையன் எழுந்து ஓடுவான் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் எந்த ஆய்வானாலும் முதல் கேள்வி "எந்த எக்ஸான்?" என்பதுதான். "டி.எம்.டி. பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு எந்தக் கதவையும் தட்ட முடியாது. ஒரே ஓர் எக்ஸான் நீக்கம் என்று எம்.எல்.பி.ஏ. சொன்னால் வேறு முறையிலும் உறுதிப்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள், எம்.எல்.பி.ஏ.வில் எண்ணுவதற்காக ஒட்ட வைக்கும் டி.என்.ஏ. துணுக்கு (புரோப்) ஒட்டும் இடத்தில் சாதாரண எழுத்து வேறுபாடு இருந்தாலும் நீக்கம் போலக் காட்டும்.


நடை_அளவி:

மூணாவது கேள்விக்கு நான் வர்றேன். பிசியோ மையத்தில் கிடைக்கிற தகவல்தான் ஆய்வுக்காரங்களுக்குத் தங்கம், ஆனா முக்காவாசி மையத்தில் "நடை முன்னேற்றம் உண்டு" என்று ஒரே வரியில் எழுதி வெச்சிருப்பாங்க. அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

நடக்கிற பையனுக்கு நார்த் ஸ்டார் மதிப்பீடு. 17 செயல், ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2, மொத்தம் 34. கூடவே இரண்டு நேரம்: 10 மீட்டர் ஓட்டம், தரையிலிருந்து எழுதல். நாலைந்து மாசத்துக்கு ஒருமுறை எடுத்தாப் போதும். வாராவாரம் எடுத்தால் பையன் அந்தச் சோதனையையே பழகிடுவான்.

எழுதல் எப்படி எடுக்கணும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும். பையன் மல்லாந்து படுக்கணும், கை இரண்டும் பக்கத்தில். உட்கார்ந்த நிலையிலிருந்து ஆரம்பிச்சா அந்த எண் வேற எண். கீழே மெல்லிய விரிப்பு. ஜிம் மெத்தை போட்டால் கை ஊன்றும்போது அமுங்கி நேரம் கூடும். "எந்திரி" என்றதும் ஸ்டாப்வாட்ச் ஓடணும். முழுசா நிமிர்ந்து கை பக்கத்தில் வந்ததும் நிறுத்தணும். தொடையில் கை இன்னும் இருக்கும்போதே நிறுத்துறது பலர் செய்யும் தப்பு. கை ஊன்றாமல் குப்புறத் திரும்பாமல் எழுந்தால் 2. கை ஊன்றினாலோ திரும்பினாலோ 1. நாற்காலியைப் பிடிச்சால் 0. நேரத்தைத் தனியா எழுதுங்க. ஸ்கோர் 1-லேயே நிற்கும்போது நேரம் 4 விநாடியிலிருந்து 8 ஆகியிருக்கும், சரிவு அங்கேதான் முதல்ல தெரியும்.

10 மீட்டருக்கு வெறுங்கால், ஸ்பிளின்ட் கழட்டிட்டு. சாக்பீஸில் கோடு போட்டு, முடிவுக் கோட்டுக்கு அப்பால இரண்டு மீட்டர் தள்ளி ஆளை நிறுத்தி "அங்கே தொடு" என்று சொல்லுங்க. இல்லைன்னா கோட்டுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுவான். ஆறு நிமிட நடைக்கு, பெரியவங்களுக்கான 30 மீட்டர் பாதையை இந்தப் பசங்களுக்கு 25 மீட்டரா மாத்தியிருக்காங்க. பின்னாடியே ஒருத்தர் கூட நடக்கணும், விழுந்தால் பிடிக்க. விழுந்தது, எத்தனையாவது நிமிடத்தில் என்பதையும் எழுதுங்க. எல்லாமே அதே தரை, அதே நேரம். ஸ்கூல் விட்டு, உச்சி வெயிலில் ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்த பையனை அப்படியே ஓடவிட்டு எடுத்த எண்ணைப் போன தடவை காலையில் எடுத்ததோட ஒப்பிடவே கூடாது.

கணுக்காலைக் கோணமானியில், முழங்காலை நீட்டி வெச்சு. எடை ஒவ்வொரு தடவையும். ஸ்டீராய்டு எது, ஒரு நாளைக்கு எத்தனை மி.கி., எந்தத் தேதியிலிருந்து, தினமுமா அல்லது பத்து நாள் விட்டுப் பத்து நாளா. வழக்கமான அளவு பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 0.75 மி.கி., டெஃப்ளசாகார்ட் கிலோவுக்கு 0.9, தொடங்குவதும் மாற்றுவதும் நரம்பியல் டாக்டர் வேலை, தேதியை எழுதுவது நம்ம வேலை. ஆய்வுகளில் டோஸ் சில மாசம் மாறாமல் இருந்திருக்கணும் என்று கேட்பாங்க. தேதி இல்லாத கோப்பு அங்கேயே விழும். மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு வீட்டில் அழுத்திச் சொல்லுங்க. மாசக்கணக்கில் எடுத்தவனுக்கு அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். காய்ச்சலோட நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒண்ணு மனசில் இருக்கணும். டி.எம்.டி. பையன்களுக்கும் ஆறேழு வயசு வரைக்கும் வளர்ச்சியால் ஸ்கோர் ஏறத்தான் செய்யும், பிறகுதான் இறங்கும். அஞ்சு வயசில் எந்த லேகியம் கொடுத்தாலும் "முன்னேற்றம்" தெரியும். ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த வீடியோவையும் நம்பாதீங்க. உங்க பையனுக்கு இப்போ ஆறு. இந்த வருஷ எண்கள்தான் அவனோட உச்சம் எது என்று பின்னாடி காட்டும், தள்ளிப்போடாதீங்க.

படியிறங்கப் பழக்குறது, உட்கார்ந்து எழுற பயிற்சி, எடை தூக்குறது வேண்டாம். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலையில்தான் டிஸ்ட்ரோஃபின் இல்லாத இழை கிழியும். நீட்சிப் பயிற்சி, ராத்திரி ஸ்பிளின்ட், தண்ணியில் விளையாட்டு போதும்.

இதயத்துக்கு எக்கோ, நோய் உறுதியானதும் ஒண்ணு, பிறகு வருஷத்துக்கு ஒண்ணு. தேதி கோப்பில்.


உசிலை_பிசியோ:

அருமைங்க, அப்படியே பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிடறேன். வீட்டில் இன்னொரு பேச்சு ஓடுது. ஏதோ ஒரு ஊரில் ஸ்டெம் செல் போட்டால் சரியாகும், "ஆய்வு" என்ற பேரில் செய்றாங்க, சில லட்சம் ஆகும், நிலத்தை அடமானம் வைக்கலாம் என்று தாத்தா சொல்றார். என்ன சொல்றது?


நெறிக்குழு_மேசை:

தாத்தாவிடம் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: "சி.டி.ஆர்.ஐ. எண் என்ன?" இந்தியாவில் நடக்கும் மருந்தாய்வுகளின் பதிவேடு அது, 2007-இல் தொடங்கியது, 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். எண் கிடைத்தால் இணையத்தில் யாரும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம்: எந்த நோய்க்கு, எந்த வயதுக்கு, எந்த மருத்துவமனையில், எந்த நெறிக்குழு ஒப்புதலுடன், இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்று எல்லாம் இருக்கும். எண் இருந்தாலும் அங்கே நின்றுவிடாதீர்கள். அதில் எழுதியிருக்கும் மருத்துவமனையும் உங்களிடம் பணம் கேட்பவரும் ஒன்றுதானா என்று பாருங்கள். அடுத்தவர் ஆய்வின் எண்ணைக் காட்டுவதும் நடக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் முதலானவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் செய்யலாம். ஆய்வு மருந்துக்குக் குடும்பம் பணம் கட்ட வேண்டும் என்றால் அது ஆய்வு இல்லை, வியாபாரம். 2019-இன் புதிய மருந்து மற்றும் மருந்தாய்வு விதிகளின்படி, ஆய்வால் குழந்தைக்குப் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டியது ஆய்வு நடத்துபவர்கள் கடமை. சம்மதப் படிவம் தமிழில் கேளுங்கள், ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஏழு வயது முடிந்த பிள்ளையிடம் அவனுக்குப் புரியும் பேச்சில் கேட்டு வாய்மொழி இசைவும், பன்னிரண்டுக்கு மேல் எழுத்து இசைவும் பெற வேண்டும். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது.

நல்ல ஆய்விலும் ஒரு விலை உண்டு, அதை யாரும் முதலில் சொல்வதில்லை. ஏ.ஏ.வி. வைரஸ் வழி மரபணுச் சிகிச்சையை ஒருமுறை பெற்ற குழந்தைக்கு உடலில் எதிர்பொருள் உருவாகிவிடும். பிறகு வரும் மேம்பட்ட மருந்தும் அதே வகை வைரஸில் வந்தால் அதை ஏற்ற முடியாது. டி.எம்.டி.க்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணுச் சிகிச்சைக்குப் பிறகு, நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு சிறுவர்கள் 2025-இல் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். டி.எம்.டி. மருந்தான அட்டலூரன் ஐரோப்பாவில் 2014-இல் நிபந்தனையோடு அனுமதி பெற்றது; பலன் போதிய அளவு நிரூபணமாகவில்லை என்று 2025-இல் அந்த அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. "வெளிநாட்டில் அனுமதி உண்டு" என்பதை மட்டும் வைத்து நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டாம்.

செய்யக்கூடியது: அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் டி.எம்.டி.யும் எஸ்.எம்.ஏ.வும் மூன்றாம் பிரிவில் இருக்கின்றன. உயர்சிறப்பு மையம் என்று அறிவித்த மருத்துவமனையில் பதிவு செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு வழி உண்டு. மதுரையிலிருந்து எட்டும் தூரத்தில் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை இருக்கிறது. எஸ்.எம்.ஏ. மாதிரி ஆயுள் முழுக்க மருந்து வேண்டிய நோய்க்கு அந்தத் தொகை போதாது, ஆனால் பதிவே இல்லாவிட்டால் கணக்கில் குழந்தையே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) எடுத்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தசைச்சிதைவுக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுங்கள்.

சொந்தக் கல்யாணத்தைப் பற்றி மேலே வந்ததால் ஒன்று. குடும்பத்தைக் குற்றம் சொல்லும் தொனி வேண்டாம். மாமன் மகளைக் கட்டாவிட்டாலும், தலைமுறை தலைமுறையாக ஒரே உட்பிரிவுக்குள் கொடுத்து வாங்கும் ஊர் இது. 2017-இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட குழுக்களில் 81 குழுக்கள், ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடச் சிறிய மூதாதைக் கூட்டத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அதில் 14 குழுக்களில், ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட குழுவில் ஒரு குழந்தைக்குக் கண்டுபிடித்த மாற்றம் அதே குழுவின் அடுத்த குழந்தைக்கு மலிவான ஒற்றைச் சோதனையாக மாறும். ஆய்வுப் படிவத்தில் சமூகம், சொந்த ஊர் கேட்பது இதற்காக. வீட்டார் தயங்கினால் இதைச் சொல்லி விளக்குங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள்.


பச்சிளம்_வார்டு:

இதே இழையில் ஒரு துணைக்கேள்வி. நாலு மாதக் குழந்தை, கழுத்து நிற்கவில்லை, கால் அசைவு ரொம்பக் குறைவு, முகம் மட்டும் நல்ல விழிப்பு, நாக்கு நுனியில் துடிப்பு. சி.கே. 140. எக்ஸோம் "நோய்க்கான மாற்றம் இல்லை" என்று வந்திருக்கு. இனி தசை பயாப்சியா?


மரபணு_மேசை:

பயாப்சி வேண்டாம், இன்றைக்கே எஸ்.எம்.ஏ.வுக்குக் காரணமான எஸ்.எம்.என்.1 ஜீனுக்கு எம்.எல்.பி.ஏ. அனுப்புங்கள். நீங்கள் சொன்ன நாலு அடையாளமும் எஸ்.எம்.ஏ. முதல் வகையைக் காட்டுகின்றன. இங்கே நிலைமை தலைகீழ்: மேலே இருந்த பையனுக்கு எம்.எல்.பி.ஏ. போதவில்லை, இந்தக் குழந்தைக்கு எக்ஸோம் போதாது. எஸ்.எம்.என்.1-உம் எஸ்.எம்.என்.2-உம் ஏறக்குறைய ஒரே எழுத்துகள் கொண்டவை. முக்கியமான வேறுபாடு எக்ஸான் 7-இல் ஒரே ஓர் எழுத்து. எக்ஸோம் படிக்கும் துண்டுகள் குட்டையானவை, எது எந்த ஜீனுடையது என்று பிரிக்கத் திணறும். எஸ்.எம்.ஏ. குழந்தைகளில் 95 சதவீதத்தினருக்கு எஸ்.எம்.என்.1-இன் எக்ஸான் 7 இரண்டு பிரதியிலும் இல்லாமல் இருக்கும், எம்.எல்.பி.ஏ. அதை நேராகச் சொல்லிவிடும். எஸ்.எம்.என்.2 எத்தனை பிரதி என்பதையும் அறிக்கையில் கேளுங்கள். மருந்து, ஆய்வு எதற்கானாலும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

இந்த நோயில் நாள் தள்ளினால் நஷ்டம். செத்த நரம்பணு திரும்பாது. மருந்து மிச்சமிருப்பதைத்தான் காக்கும். அறிக்கை வருவதற்குள் கைக்குழந்தையின் அசைவை மதிப்பிடும் சிஹெச்ஓபி-இன்டென்ட் அளவீடு, 16 செயல், 64-க்கு, ஒன்று எடுத்து வையுங்கள்; குழந்தை பால் குடித்த உடனேயோ அழும்போதோ எடுக்காதீர்கள். மூச்சில் வயிறு ஏறி மார்பு உள்ளே போகிறதா, பால் புரையேறுகிறதா என்பதை இன்றே குழந்தை நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தினமும் வாயில் கொடுக்கும் எஸ்.எம்.ஏ. மருந்தான ரிஸ்டிப்லாம் எழுதினால் அளவு எடைக்கு ஏற்ப மாறும்: இரண்டு மாதத்துக்குள் கிலோவுக்கு 0.15 மி.கி., இரண்டு வயது வரை 0.2, அதற்கு மேல் 20 கிலோ வரை 0.25, பிறகு நேராக 5 மி.கி. ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் சிரிஞ்சில் எத்தனை மி.லி. என்று புதிதாகக் குறித்துக் கொடுக்க வேண்டும். பழைய கோட்டிலேயே கொடுத்துவருவதுதான் அடிக்கடி நடக்கும் பிசகு. பொடியை மருந்தாளர் கரைத்துத் தருவார். கரைத்த பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் 64 நாள் வரைக்கும். பாட்டிலில் கடைசித் தேதியை எழுதச் சொல்லுங்கள். குளிர்பெட்டிக் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் வைக்கணும், ஐஸ் அறையில் கூடாது. 2025 கடைசியில் இந்திய நிறுவனத்தின் பொதுப்பெயர் மருந்து சந்தைக்கு வந்த பிறகு விலை பல மடங்கு இறங்கியிருக்கிறது, பழைய விலையைக் கேள்விப்பட்டு வீட்டார் மனம் விட்டிருந்தால் இதைச் சொல்லுங்கள்.


பச்சிளம்_வார்டு:

நன்றிங்க. இன்று வியாழன். நாளை காலை எடுத்தால் சனிக்கிழமை லேபில் சேருமா, இல்லை திங்கள்வரை நிறுத்தலாமா?


மரபணு_மேசை:

இந்தக் குழந்தைக்கு நிறுத்த வேண்டாம். லேபுக்குப் போன் போட்டு சனிக்கிழமை சாம்பிள் வாங்க ஆள் இருப்பாரா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் நாளை காலை எடுத்து, 2 மி.லி. போதும், மதியத்துக்குள் கூரியரில் சேர்த்துவிடுங்கள். ஆள் இல்லையென்றால் குழாயை உங்கள் குளிர்பெட்டியில் வைத்து ஞாயிறு இரவு பஸ்ஸில் ஒருவர் கையில் கொடுத்துவிடலாம். மூன்று நாள் குளிரில் இருந்த இ.டி.டி.ஏ. ரத்தம் இந்தச் சோதனைக்குத் தாங்கும். படிவத்தில் "எஸ்.எம்.ஏ. முதல் வகை சந்தேகம், அவசரம்" என்று மேலேயே எழுதுங்கள். பெற்றோர் ரத்தம் பிறகு போகலாம், அதற்காகக் குழந்தையின் குழாயைக் காக்க வைக்காதீர்கள்.